கூட்டல் குறி செய்த குற்றம்

ஒரு பெண் ஒரு மாலைப் பொழுது சும்மா இருந்தாள். இத்தனை ஆர்ப்பாட்டமும் அதற்காகத்தான்!

அந்தப் பெண்ணைக் கறார் என்பார்கள். தேர்வு அலுவலகத்தில் வினாத்தாள் பிரிவின் பொறுப்பாளர். கையெழுத்தில்லாத காகிதம் எதையும் தன் மேசையில் வைக்க விடாதவள் என்பதால் அலுவலகம் சூட்டிய பட்டம் அது. பிறகு வீடும் அதையே வழிமொழிந்தது.

செவிலியர் தேர்வின் வினாத்தாள், தேர்வுக்கு முன்பே செல்பேசிகளில் உலா வந்துவிட்டது. ஒரு வியாழக்கிழமை மாலை ஏழரைக்கு முதல் படம் கிளம்பியது. அப்படியானால் ஏழு மணியளவில் யாரோ அதை அலுவலகச் சர்வரிலிருந்து எடுத்திருக்க வேண்டும். யார்? யார் எந்த நொடியில் எந்தக் கோப்பைத் தொட்டாலும் சர்வர் ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளும். தொழிலில் அதற்கு லாக் என்று பெயர். அந்த லாக்கைப் பார்த்து அறிக்கை எழுதப்பட்டது. மாலை ஏழு மணி, வினாத்தாள் திறக்கப்பட்டது, திறந்தது கறாரின் ஐடி. அறிக்கையின் சாரம் இதுதான்.

"நான் நாலு மணிக்குப் பிழை பார்க்கத் திறந்தேன். பார்த்து முடிச்சு நாலரைக்கே கிளம்பிட்டேன்" என்றாள் கறார்.

"வீட்டுக்கு ஏழரைக்குத்தானே போனீங்க? நடுவுல எங்க இருந்தீங்க?" என்று கேட்டது அலுவலகம்.

"பார்க்ல. பெஞ்சுல."

"யாரோட?"

"தனியா."

"என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"சும்மா உட்கார்ந்திருந்தேன்."

ஆண் சும்மா உட்கார்ந்தால் அது ஓய்வு. பெண் சும்மா உட்கார்ந்தால் அது வழக்கு!

அலுவலகம் கேட்டதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். மருந்துக்கடை நடத்தும் அவள் கணவர் மென்மையான மனிதர், குரலை உயர்த்தத் தெரியாதவர். குரலை உயர்த்தாமலே அவரும் கேட்டார்: "உண்மையிலேயே எங்க இருந்தே?" அந்த 'உண்மையிலேயே' என்ற ஒற்றைச் சொல்லுக்காகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பாவின் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வந்த வீட்டில் இருந்தது யார் தெரியுமா? அந்த அறிக்கையை எழுதிய அதே கை! அண்ணனின் மனைவி, தேர்வு அலுவலகத்தின் சர்வரைப் பராமரிக்கும் அண்ணி.

இன்று விசாரணை. குற்றம் உறுதியானால் கறாரின் வேலை போகும். வேலையை விடப் பெரிதாக, அவள் வாய்ச்சொல்லின் மதிப்பு போகும்.

* * *

"அப்பா, அந்த உப்பை எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க."

உப்பு ஜாடி அண்ணியின் முழங்கையை உரசிக்கொண்டு இருந்தது. அப்பா ஜாடியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார்.

"நான் ரிட்டயர் ஆகி ரொம்ப நாளாச்சும்மா. இன்னும் என்னை நடுவுல நிக்க வச்சு, முன்னாடி இருக்கிறவங்க பின்னாடி பாஸ் பண்ணுங்கன்னு கத்த வைக்கறீங்களே!"

பேருந்து நடத்துனராக இருந்தவர். வீட்டில் நிகழும் எல்லாவற்றையும் பேருந்துக்குள் வைத்தே பார்ப்பார்.

அண்ணி ஜாடியை நகர்த்தினாள். கறார் அதை மேசையிடமிருந்து பெறுவதைப்போல் பெற்றுக்கொண்டாள். பத்து நாட்களாக இப்படித்தான்.

"சர்வர், ஒரு காப்பி" என்றார் அப்பா. பழைய கேலி. மருமகள் வந்த புதிதில், "சர்வரைப் பார்த்துக்கிற வேலை" என்று பெருமையாகச் சொன்னாராம், "எந்த ஓட்டல்ல?" என்று உறவினர்கள் கேட்டார்களாம். அன்று முதல் வீட்டில் அவளுக்கு அதுவே பெயர்.

அண்ணி சிரிக்கவில்லை. காப்பியை வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள்.

"ஏம்மா, உன் சர்வர் பொய் சொல்லுமா?"

"சொல்லாது மாமா."

"அப்போ என் பொண்ணு பொய் சொல்றாளா?"

அண்ணியின் விரல்கள் விசைப்பலகையில் நின்றுவிட்டன. பத்து நாட்களாக அந்தக் கேள்வியைத் தனக்குள் கேட்டுக் கேட்டு அவள் தேய்ந்திருந்தாள்.

"அன்னைக்கு அந்தக் கோப்போட வரிகளை மட்டும்தான் மாமா கேட்டாங்க. இன்னைக்கு முழு நாளோட லாக்கும் வேணுமாம். அதைத்தான் எழுதி எடுத்துட்டுப் போறேன்" என்று மட்டும் சொன்னாள். பட்டியலை அச்சடித்து மேசையில் வைத்தாள்.

கறார் பேசமாட்டாள். ஆனால் கண்முன் ஒரு காகிதம் கிடந்தால் படிக்காமல் இருக்கவும் மாட்டாள். பிறவிக்குணம். ஓரக்கண்ணால் தொடங்கினாள், முழுக்கண்ணால் தொடர்ந்தாள், பிறகு காகிதத்தையே பிடுங்கிக்கொண்டாள்.

திடீரென்று சிரித்தாள்.

"அப்பா, இதைக் கேளுங்க. அன்னைக்கு எங்க ஆபீஸ் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத்தான் திறந்துச்சாம்!"

"அரசாங்க ஆபீஸ்தானே? திறந்ததே பெரிசு."

"அது மட்டுமில்ல. நாலு மணியில இருந்து அஞ்சு மணி வரைக்கும் ஒரு வரிகூட இல்ல. ஒரு ஆள் ஒரு கோப்பைத் தொடல. எங்க ஆபீஸ்ல எல்லார் கையும் ஒண்ணா நிக்கிறது ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேளைதான்ப்பா. கரண்ட் போனாலும் வேலை பார்ப்பாங்க. சாப்பாட்டு வேளையில மட்டும் ஆண்டவனே வந்தாலும் பார்க்க மாட்டாங்க."

"சாப்பாடு எத்தனை மணிக்கு?"

"ஒரு மணிக்கு."

அண்ணியின் கோப்பை தட்டில் மோதி ஒலித்தது.

மூலப் பதிவைத் திறந்தாள். சர்வர் தன் கைப்பட எழுதிய வரிகள். ஒவ்வொரு வரியிலும் நேரம். ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு சிறு வால்: ஒரு கூட்டல் குறி, அதன் பின் 0300.

"ஐயோ" என்றாள். மிக மெதுவாக. "வால் மாறியிருக்கு."

"எதுக்கு வால்?" என்றார் அப்பா.

"நேரத்துக்கு, மாமா. பழைய சர்வர் உலகப் பொதுநேரத்துலதான் எழுதும். வால்ல வெறும் சைபரா இருக்கும். நம்ம பூர்வீக ஊர்னா அஞ்சரை மணி கூட்டணும், இந்த நாட்டு நேரம் வேணும்னா மூணு மணி கூட்டணும். போன மாசம் புது சர்வர் வந்துச்சு. இது நம்ம ஊர் நேரத்துலயே எழுதுது. அதான் வால்ல கூட்டல் மூணு போட்டிருக்கு."

"கூட்டல் மூணுன்னா மூணைக் கூட்டுன்னு தானே அர்த்தம்?"

"இல்ல மாமா. ஏற்கெனவே கூட்டியாச்சுன்னு அர்த்தம். நான் அதுமேல இன்னொரு மூணைக் கூட்டியிருக்கேன்."

அப்பா காப்பியைக் கீழே வைத்தார். "டிக்கெட் வாங்கினவன்கிட்டயே மறுபடியும் டிக்கெட் கிழிச்சிருக்கே!"

எப்படி நேர்ந்தது இந்தப் பிழை? அறியாமையால் அல்ல, பழக்கத்தால். அண்ணன் கடல் கடந்த ஊரில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறார். அந்த ஊரின் நேரமும் உலகப் பொதுநேரமும் ஒன்றே. இங்கிருந்து மூன்று மணி பின்னால். அவர் உறங்கும் வேளை, உண்ணும் வேளை, அழைக்கும் வேளை அனைத்தையும் இந்த வீடு 'மூணைக் கூட்டு' என்ற ஒரே மந்திரத்தால்தான் அறியும். சர்வரும் அப்படி, கணவரும் அப்படி. கூட்டிக் கூட்டியே பழகிய கை, கூட்ட வேண்டாத இடத்திலும் கூட்டிவிட்டது.

அந்தக் குறி கட்டளை இடவில்லை, சாட்சி சொன்னது. சாட்சியைக் கட்டளையாகப் படித்தார்கள். நாலு மணிக்குத் தன் கடமையைச் செய்த ஒருத்தி, ஏழு மணிக்குத் திருடியவள் ஆனாள்! ஏற்கெனவே ஏற்றியாகிவிட்ட சுமையின் மேல் இன்னொரு முறை ஏற்றுவது, பெண்ணின் விஷயத்தில் இந்தச் சமுதாயத்துக்குப் புதிதா என்ன?

அண்ணி கணினியை விட்டு எழுந்து கறாரின் பக்கம் வந்தாள். நின்றாள். கறார் நிமிரவில்லை, அவள் விரல் இன்னும் மூலப் பதிவின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. என்னுடையது நாலு மணி. சரி. அப்படியானால் ஏழு மணியில் யார்?

விரல் நின்றது.

"அண்ணி."

பத்து நாட்களுக்குப் பிறகு வந்த முதல் சொல். அதைக் கேட்டு மகிழ அண்ணிக்கு நேரம் கிடைக்கவில்லை.

"ஏழு மணிக்கு ஒரு வரி இருக்கு. இது உங்க ஐடி."

இருந்தது. வினாத்தாள் கோப்பு, மாலை ஏழு மணி, பராமரிப்பாளரின் ஐடி. அறிக்கையில் அண்ணி அதை இரவு பத்து மணி என்று எழுதியிருந்தாள். இரவு பத்துக்கு, கோப்புகள் அனைத்தையும் தானே நகலெடுத்து வைக்கும்படி சர்வருக்கு அவளே ஏற்பாடு செய்திருந்தாள். அந்த வேலை அவளுடைய ஐடியில்தான் ஓடும். அந்த நகல்தான் என்று கடந்து போய்விட்டாள். உண்மையான நகலின் வரியோ, மூன்று கூடி இரவு ஒரு மணியாகி, மறுநாள் தேதிக்குள் போய் விழுந்து, அவள் கண்ணில் படவே இல்லை.

"நான் தொடலை" என்றாள்.

"தெரியும்."

"ஆனா இதை நான் அங்க சொல்லணும்."

"சொன்னா அடுத்த கேள்வி உங்களைத்தான் கேப்பாங்க."

அப்பா தொண்டையைச் செருமினார். "இல்ல... அந்த நாலு மணி வரியை மட்டும் திருத்திட்டு, இதை அப்படியே பத்து மணியிலேயே விட்டா..."

"அப்பா!"

"மாமா!"

இரண்டு குரலும் ஒரே மூச்சில் வந்தன. அப்பா கைகளைத் தூக்கிச் சரணடைந்தார். "சரி சரி, ரெண்டு பேரும் ஒரே பக்கம் ஏறிட்டீங்க. அது போதும் எனக்கு."

* * *

விசாரணை அறையில் ஒரு நீண்ட மேசை, ஒரு சுவர்க் கடிகாரம், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்கும் ஓர் அதிகாரி. பக்கத்தில் தேர்வு அலுவலகத்தின் கண்காணிப்பாளர். கறாரின் குற்றத்தை முதலில் உரக்கச் சொன்ன வாய் அவருடையது.

அண்ணி எழுந்து நின்றாள். ஒப்பந்த ஊழியர், இம்மாத இறுதியில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டியவள்.

"சார், என் அறிக்கை தப்பு. அதுல இருக்கிற ஒவ்வொரு நேரமும் மூணு மணி தள்ளியிருக்கு. இவங்க திறந்தது நாலு மணிக்கு."

"பார்த்தீங்களா சார்!" கண்காணிப்பாளர் மேசையைத் தட்டினார். "அண்ணி, நாத்தனார். குடும்பத்துக்குள்ளேயே கணக்கை மாத்திக்கிறாங்க. நேத்து ஏழு மணி, இன்னைக்கு நாலு மணி, நாளைக்கு ஆபீசுக்கே வரலைன்னு சொல்வாங்க."

"அண்ணி நாத்தனாரைக் காப்பாத்தறான்னு ஒருத்தர் குற்றம் சொல்றதை இப்பத்தான் முதல் தடவையா கேக்கறேன்" என்றார் அதிகாரி, கண்ணாடியைத் துடைத்தபடி.

அறையில் யாரோ சிரிப்பை விழுங்கினார்கள்.

"சார், நீங்க அன்னைக்கு எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க?" அண்ணி கண்காணிப்பாளரைக் கேட்டாள்.

"நான் என்னைக்கும் ஒரு மணிக்குத்தான் சாப்பிடுவேன். ஊருக்கே தெரியும்."

"என் பழைய கணக்குப்படி நீங்க நாலு மணி வரைக்கும் பசியோட வேலை பார்த்திருக்கீங்க சார். வேணும்னா அந்த அறிக்கையையே வச்சுக்கலாம்."

இப்போது அதிகாரியே சிரித்தார். ஆனால் சிரிப்பால் தீர்ப்பு எழுதுபவர் அல்லர். செல்பேசியை எடுத்து அலுவலகத்தின் இணையப் பக்கத்தைத் திறந்தார். "இப்ப நான் தொட்டதை உங்க சர்வர் எப்படி எழுதியிருக்குன்னு காட்டுங்க."

அண்ணி கணினியைத் திருப்பிக் காட்டினாள். புதிய வரி ஒன்று வந்து நின்றது. அதிகாரி அதைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி வரியைப் பார்த்தார். கடிகாரமும் வரியும் ஒன்றையே சொல்லின. வால் மட்டும் தன் போக்கில் கூட்டல் மூன்றை ஆட்டிக்கொண்டிருந்தது.

"இதுல கூட்ட எதுவும் இல்ல" என்றார். பிறகு கறாரை நோக்கி, "நீங்க நாளைக்கே உங்க இருக்கைக்கு வரலாம்மா. பத்து நாள் ஆச்சு. வருத்தப்படறேன்."

கறார் தலையசைத்தாள். ஆனால் அமரவில்லை. அடுத்து வரப்போவதை அறிந்தவள் அண்ணியின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"இன்னொரு வரியும் இருக்கு சார்" என்றாள் அண்ணி. "ஏழு மணிக்குத் திறந்தது என் ஐடி."

கேட்காமலே சொன்னாள்! மறைக்க வழியிருந்தும் சொன்னாள்! அதிகாரி அவள் பக்கம் திரும்பினார்.

"அப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"வீட்ல, சார். என் வீட்டுக்காரர்கிட்ட பேசிட்டிருந்தேன். அவர் வெளிநாட்டுல இருக்கார். அவருக்கு நாலு மணி டீ நேரம், நமக்கு ஏழு. தினமும் கூப்பிடுவார்."

"இப்ப மூணைக் கூட்டணுமா, கழிக்கணுமா?"

"இங்க கூட்டணும் சார். நிச்சயமா."

"சரி. அந்த அழைப்புக்கு ஆதாரத்தை நாளைக்குக் கொண்டு வாங்க. அதுவரைக்கும் அந்த ஐடி முடக்கத்துல இருக்கட்டும். அதோட பாஸ்வேர்டு வேற யாருக்குத் தெரியும்?"

"சர்வர் மாத்தின அன்னைக்கு, நான் லீவ்ல போனா வேணும்னு கண்காணிப்பாளர் சார் எழுதி வாங்கிக்கிட்டார்."

"நான் அதை அன்னைக்கே கிழிச்சுப் போட்டுட்டேன்" என்றார் கண்காணிப்பாளர்.

அவரை இன்னும் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

* * *

வாசற்படியில் இறங்கும்போதே அண்ணி கணவரை அழைத்தாள்.

"ஏங்க, காலையிலேயே தொந்தரவு பண்றேன். அங்க இப்ப ஒன்பது மணிதானே?"

"பத்தும்மா."

"பன்னிரண்டுல மூணு போனா ஒன்பதுங்க."

"மூணு இல்ல, ரெண்டு. ரெண்டு வாரம் முன்னாடி ஞாயித்துக்கிழமை இங்க கடிகாரத்தை ஒரு மணி முன்னால தள்ளி வச்சுட்டாங்களே. கோடைக்காலம் வருதுல்ல? வருஷா வருஷம் பண்றதுதானே! நான் எப்பவும் போல நாலு மணிக்குத்தான் கூப்பிடறேன். நீதான், என்ன இன்னைக்கும் சீக்கிரமா கூப்பிட்டீங்கன்னு கேட்டுட்டே இருக்கே."

அண்ணி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த வியாழன், அந்த ஞாயிறுக்குப் பின்பு வந்த வியாழன். அன்றைய அழைப்பு ஆறு மணிக்கு வந்து ஆறேகாலுக்கு முடிந்திருக்கிறது. அப்பா அன்று நண்பர் வீட்டில். ஏழு மணிக்கு அவள்?

யோசித்தாள். கால்களைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி... ஆம். சும்மா இருந்தாள்.

வாசலுக்கு எதிரே மருந்துக்கடைக்காரர் நின்றிருந்தார். கடையை நண்பகலில் பூட்டிவிட்டு வந்தவர், சட்டைப் பையில் பேனாவைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

"உள்ள என்ன சொன்னாங்கன்னு கேக்க வரல" என்றார் மனைவியிடம். "நேத்து சாயங்காலம் அந்த பெஞ்சுல போய் உட்கார்ந்து பார்த்தேன்."

கறார் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "யாரோட?"

"தனியா."

"என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"சும்மா." அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "நல்லா இருந்துச்சு. இருட்டினதே தெரியல. நான் கேட்டது தப்பு."

சர்வர் சொன்னதைக் கேளாமலே, அதிகாரி சொன்னதைக் கேளாமலே, ஆதாரம் எதுவும் கையில் இல்லாமலே வந்த சொல் அது! அதனால்தான் அதற்கு மதிப்பு. கறாரின் உதடு துடித்தது. அழுதுவிடுவாளோ என்று அவர் பயந்தார்.

"பெட்டி கனம். சாயங்காலம் ஆட்டோவோட வாங்க" என்றாள் அவள். "ஆறு மணிக்குன்னா ஆறு மணிக்கு. ஆறேகாலுக்கு வந்தா நான் அங்கேயே இருந்துடுவேன்."

கறார் திரும்பி வந்துவிட்டாள் என்று அவருக்குப் புரிந்தது.

அவரை அனுப்பிவிட்டு அவள் படிக்கட்டுக்கு வந்து அண்ணியின் பக்கத்தில் அமர்ந்தாள். அண்ணி கணவர் சொன்னதைச் சொன்னாள். ஒரு மணி நேரம் காணாமல் போன கதையைக் கேட்டு முடித்த கறார், நகத்தால் படியைச் சுரண்டினாள்.

"ஏழு மணிக்கு நான் எங்க இருந்தேன்னு நீ கேக்கவே இல்லையே" என்றாள் அண்ணி.

"நாளைக்கு அவங்க கேப்பாங்க. பதில் ஒண்ணு தேடித்தான் ஆகணும். ஆனா நான் கேக்க மாட்டேன், அண்ணி. என்னைக்கும்."

அண்ணியின் தோள் மெல்லத் தளர்ந்தது. படிக்கட்டில் ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். ஒருவரும் இவர்களை யாரென்று கேட்கவில்லை.

"கம்ப்யூட்டரை எடுங்க" என்றாள் கறார். "அந்த ஏழு மணி வரியைக் காட்டுங்க. வாலைப் பத்திதான் காலையில இருந்து பேசறோம். ஆரம்பத்துல இந்த நம்பர் என்ன?"

"எந்தக் கம்ப்யூட்டர்ல இருந்து வந்துச்சுங்கறது. ஆபீஸ்ல ஒவ்வொரு மேசைக்கும் ஒரு நம்பர் உண்டு. கண்காணிப்பாளர் சார் மேசைக்கும்."

இரண்டு தலைகளும் ஒன்றாகக் குனிந்தன. அந்த வரியின் வாலைப் பத்து நாளாக எல்லோரும் பிடித்து இழுத்தாயிற்று. தலையை இதுவரை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.